கடிகாரக்காவின் இடது புருவம்

1.

இந்தக் கதை ஒரு பொம்மைக் கடையில், பரிசுகளுக்குத் தாள் சுற்றித் தருகிற மேஜைக்கு முன்னால் பிறந்தது. மேல்மாடி வீட்டுக் குழந்தைக்கு ஆறாவது பிறந்தநாள். நான் ஒரு டார்ச் லைட் வாங்கியிருந்தேன். கடைக்காரர் நீலச் சுருளுக்கும் ரோஜா நிறச் சுருளுக்கும் நடுவே கத்தரிக்கோலை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"பையனா, பொண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாகப் படிக்கட்டில் தினமும் பார்க்கிற குழந்தைதான். சோப்புக் குமிழி பிடிக்கும், லிஃப்ட் பிடிக்காது, இடது செருப்பை மட்டும் தொலைக்கும் என்பதெல்லாம் தெரியும்.

"தெரியலைங்க."

"தெரியலையா? அப்புறம் எப்படிங்க சுத்துறது?"

"சும்மா சுத்துங்க."

"சும்மா எப்படிச் சுத்த முடியும்? இருக்கறது ரெண்டு."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. "யாருக்காவது போன் போட்டுக் கேளுங்களேன். பொறந்து ஆறு வருஷமாச்சு, இன்னுமா முடிவாகாம இருக்கும்?"

கடைசியில் கடைக்காரர் டார்ச்சைப் பழைய செய்தித்தாளில் மடித்து, திருட்டுச் சாமானை ஒளிக்கிறவரைப் போல என் கையில் திணித்தார். அதோடு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: பனி விடாமல் பெய்துகொண்டிருந்தது. குதிரை வண்டியிலிருந்து இறங்கிய பேராசிரியர் தன் கம்பளிக் கோட்டை—

(வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளினால் இதுதான் கதி. எதை எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியில் பனி விழுந்துவிடுகிறது. அள்ளிக் கொட்டவே அரைப் பக்கம் போகிறது.)

இரண்டாவது தொடக்கம்: ஆண், பெண் என்கிற உணர்வு பிறப்போடு வருவதா, வளர்ப்பில் அமைவதா என்ற வினா நெடுங்காலமாக அறிஞர்களை—

(இது பரீட்சைத் தாள்.)

மூன்றாவது: ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தாள்.

(இது இருக்கட்டும்.)

3.

அவளுக்கு அலுவலகத்தில் கடிகாரக்கா என்று பெயர். குழந்தைகளின் மனவளர்ச்சியை ஆராய்கிற ஒரு நிறுவனத்தில் குறிப்பெடுப்பவள். வேலை சுலபமானது. ஐந்து ஆறு வயதுக் குழந்தை ஒன்றை ஓர் அறைக்குள் விடுவார்கள். தரையில் மூன்று பொம்மைகள்: ஒரு லாரி, கண் மூடித் திறக்கிற ஒரு பாப்பா, ஒரு மர வாத்து. லாரி பையன்களுடையது என்றும் பாப்பா பெண்பிள்ளைகளுடையது என்றும் வாத்து யாருடையதும் இல்லை என்றும் படிவத்தில் அச்சடித்திருந்தது. எந்தக் குழந்தை எதை எத்தனை நொடி வைத்துக்கொண்டது என்று கடிகாரக்கா பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

நடுவே ஒரு பெரிய கண்ணாடி. குழந்தை பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடியாகவும் கடிகாரக்கா பக்கம் ஜன்னலாகவும் இருக்கிற வகை. குழந்தையின் அறை வெளிச்சமாகவும் அவளுடைய அறை இருட்டாகவும் இருந்தால் அவளை யாராலும் பார்க்க முடியாது. ஆறு மாதத்தில் ஐம்பத்தெட்டுக் குழந்தைகள் முடிந்திருந்தன. பையன்கள் லாரியை எடுத்தார்கள். பெண்பிள்ளைகள் பாப்பாவை எடுத்தார்கள். ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். முடிவு அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புத்தகங்கள் சொல்வது ஏறக்குறைய இது: மூன்று வயதுவாக்கில் பெரும்பாலான குழந்தைகள் தான் பையன், தான் பெண் என்று சொல்லத் தொடங்குகின்றன. அந்த வயதில் சிலதுகள் முடி வெட்டினால், சட்டையை மாற்றினால் அதுவும் மாறிவிடும் என்று நினைக்கின்றன. ஆறு, ஏழு வயதில் அது அப்படியே இருக்கிற விஷயம் என்று தோன்ற ஆரம்பிக்கிறது. சில குழந்தைகள் மட்டும் பெரியவர்கள் சொன்னதை இல்லை என்று சொல்கின்றன. ஏன் என்பதில் புத்தகங்களுக்குள்ளேயே சண்டை. நான் நடுவில் போகவில்லை.)

4.

கடிகாரக்காவுக்கு ஒரு பிள்ளை உண்டு. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். ஆறு வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஆண் என்று எழுதியிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, அவள் குட்டிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கை முடிந்தது. வலது கையின் கட்டைவிரல் முடிந்தது. அப்போது குட்டி சொன்னது:

"அம்மா, நான் பொண்ணு."

சோபாவில் படுத்திருந்த அப்பா செய்தித்தாளை இறக்காமலேயே சிரித்தார். "போன வாரம் டைனோசர். இந்த வாரம் பொண்ணா?"

"டைனோசர் விளையாட்டுப்பா. இது விளையாட்டு இல்ல."

கடிகாரக்காவின் கையில் நகவெட்டி ஆறாவது நகத்தோடு நின்றுவிட்டது. குட்டி தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. ஒரு நொடி, அல்லது ஒன்றரை. (தொழில் பழக்கம். அவளுக்கு எல்லாம் நொடிக் கணக்கு.) பிறகு மீதி நான்கு விரலையும் நீட்டியது.

"சரி, மிச்சத்த வெட்டு."

அதற்கப்புறம் குட்டி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நகம் வெட்டும்போது கையைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. முன்பெல்லாம் அப்படிச் செய்யாது.

"பாத்தியா, மறந்துருச்சு. நீதான் மனசுல போட்டுக் குழப்பிக்கற" என்றார் அப்பா.

மறந்ததா? இல்லை, அந்த ஒன்றரை நொடியில் தன் முகம் ஏதாவது செய்ததா? கடிகாரக்காவுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் செய்ததை நொடி சுத்தமாகச் சொல்லக்கூடியவளுக்குத் தன் முகம் அன்று என்ன செய்தது என்று ஞாபகமில்லை. யாரிடம் கேட்பது? பார்த்த ஒரே ஆளுக்கு ஆறு வயது. அது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

5.

ஐம்பத்தொன்பதாவது குழந்தை ஒரு பையன். பாப்பாவைத் தூக்கினான், போட்டான், லாரியை ஓட்டினான். வெளியே வரும்போது தாழ்வாரத்தில் கடிகாரக்காவைப் பார்த்து நின்றான்.

"ஆன்ட்டி, அந்தப் பாப்பான்னா உங்களுக்குப் பயமா?"

"எனக்கா? ஏன் கண்ணா?"

"நான் தூக்குனதும் இப்படிப் பண்ணீங்க." தன் இடது புருவத்தை ஒரு விரலால் மேலே தள்ளிக் காட்டினான். "லாரி எடுத்ததும் சரியாயிட்டீங்க."

கடிகாரக்கா பேராசிரியரைக் கூப்பிட்டாள். பேராசிரியர் வந்தார். எலக்ட்ரீஷியன் வந்தான். அவளுடைய அறைக்குள் நுழைந்ததுமே எலக்ட்ரீஷியன் மேஜை விளக்கைச் சுட்டிக்காட்டினான்.

"இது எரிஞ்சா அந்தப் பக்கம் எல்லாம் தெரியுமே சார்."

"இத இங்க யாருய்யா வெச்சது?"

"நான்தான். எழுத வெளிச்சம் பத்தலன்னு முத வாரமே அக்கா கேட்டாங்க. நல்ல விளக்கா பாத்து வெச்சேன். முகத்துல நேரா அடிக்கும்."

பேராசிரியர் நம்பவில்லை. தானே அறைக்குள் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அறுபத்தோரு வயது, இரண்டு முனைவர் பட்டம். பாப்பாவை எடுத்து மடியில் வைத்தார். அது கண்ணைத் திறந்தது. கண்ணாடியில் விளக்கொளியில் கடிகாரக்காவின் முகம் நிலா மாதிரி தெரிந்தது. இடது புருவம் ஒரு தீக்குச்சி கனத்துக்கு மேலே போனது.

பேராசிரியர் பாப்பாவைக் கீழே வைத்தார். லாரியை இழுத்தார். புருவம் இறங்கியது. "டுர்ர்ர்" என்றார். கடிகாரக்காவின் முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு. மறுபடி "டுர்ர்ர்" என்று அறையைச் சுற்றி லாரியை ஓட்டினார். பதினோரு நிமிடம் கழித்து எலக்ட்ரீஷியன் போய் அவரைத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"எனக்கே அந்தப் பாப்பாவ வெச்சிருக்கக் கூச்சமாப் போச்சும்மா" என்றார், முழங்காலைத் தடவிக்கொண்டே. "லாரி ஓட்டினப்ப நீ சிரிச்ச பாரு, அப்படி ஒரு சந்தோஷம்."

"நான் வேணும்னு எதுவும் பண்ணல சார்."

"அதுதாம்மா பிரச்சினையே."

6.

ஆறு மாத ஆராய்ச்சி குழந்தைகளைப் பற்றியது இல்லை, ஒரு புருவத்தைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. நேர்மையான ஆளாக இருந்தால் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருப்பார். பேராசிரியரும் நேர்மையான ஆள்தான். ஆனால் அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அதனால் அவர் புருவத்தை அறிக்கையில் சேர்த்தார்.

மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கடிகாரக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகள் விளையாடுகிற படங்களைக் காட்டி, புருவத்துக்குப் பக்கத்தில் அளவுகோலைப் பிடித்தார்கள். முடிவு: பாப்பா வைத்திருக்கும் பையனுக்கு மூன்று மில்லிமீட்டர். லாரி வைத்திருக்கும் பெண்பிள்ளைக்கு ஒன்று. வாத்துக்கு எதுவுமில்லை. மூவரில் ஒருவர் பாராட்டினார். "ரொம்ப நுட்பமான கருவி. எங்க வாங்கினீங்க?"

கருவி எண் நான்கு: குறிப்பெடுப்பவரின் இடது புருவம். இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அவளுடைய அடையாள அட்டையின் பின்னால் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினார்கள்.

அன்று மாலை வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"கருவிய வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. பாஸ் வேணும்."

"அண்ணே, அது என் மூஞ்சிலதானே இருக்கு!"

"இருக்கலாம். ஸ்டிக்கர் இருக்குல்ல? லேப்டாப்பும் உங்க தோள்லதான் தொங்குது, அதுக்குப் பாஸ் வாங்கல?"

நியாயம்தான். அவள் திரும்பிப் போய்ப் பாஸ் எழுதி வாங்கினாள். பொருள்: புருவம், ஒன்று. போகுமிடம்: வீடு. நோக்கம் என்ற கட்டத்துக்கு எதிரே பேனா வெகு நேரம் நின்றது. மூன்று வாரமாகத் தெரியாமலிருந்தது அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமையும் இந்தக் கருவி வீட்டில்தான் இருந்தது.

மூன்று மில்லிமீட்டர்.

7.

(இங்கே மூன்று நாள் எழுதவில்லை. கடிகாரக்கா மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் கெட்டவளா? ஒரு வரைவில் அவளைக் கல்நெஞ்சக்காரி ஆக்கிப் பார்த்தேன். நாலு பக்கத்தில் செத்துப்போனது கதை. அப்பாவை நீக்கிப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு சோபாவிலேயே இருந்தார், போகவில்லை.

இதற்கு நடுவில் மேல்மாடிக் குழந்தையைப் படிக்கட்டில் பார்த்தேன். செய்தித்தாள் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்தது. டார்ச்சை அழுத்தியது. சுவரில் அடிக்கும், கூரையில் அடிக்கும் என்று நினைத்தேன். நேராக என் முகத்தில் அடித்தது. அடித்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் என்னைப் பொறுமையாகப் படித்தது.

"என்ன பாக்கற?" என்றேன்.

"எனக்கு இது பிடிச்சிருக்கான்னு பாக்கறேன்" என்றது, என் முகத்தைப் பார்த்தபடியே.

வீட்டுக்கு ஓடி வந்து ஐந்தாவது பகுதியில் அந்த மேஜை விளக்கை வைத்தேன். அதுவரை அங்கே ஒரு ஜன்னல்தான் இருந்தது.)

8.

அறுபதாவது குழந்தைக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை மத்தியானம் பேராசிரியர் கடிகாரக்காவைக் கூப்பிட்டார்.

"உனக்கு ஆறு வயசுல ஒண்ணு இருக்குல்ல? நாளைக்குக் கூட்டிட்டு வாம்மா."

"என் பிள்ளையவா சார்? விளக்க அணைச்சிடலாமா?"

"அணைக்கறதா? ஐம்பத்தொம்பது பேருக்கு விளக்கு எரிஞ்சிருக்கு, புருவம் இருந்திருக்கு. அறுபதாவதுக்கு மட்டும் இல்லன்னா கணக்கு என்ன ஆகும்? அதே விளக்கு, அதே நாற்காலி, அதே முகம். வழக்கமான முகத்தோட உக்காரு, போதும்."

வழக்கமான முகம். அவள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அதைத் தேடினாள். ஒன்று பல் வைத்தியருக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று பாஸ்போர்ட் போட்டோ. எதுவும் தெரியாத மாதிரி வைத்துப் பார்த்தாள். அது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. புருவத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். பிளாஸ்திரியும் சேர்ந்து ஏறியது.

கதவைத் தட்டினார் அப்பா. "உள்ள என்ன பண்ற இவ்வளவு நேரமா?"

"முகத்தத் தேடறேங்க."

"எங்க வெச்ச?"

அவள் கதவைத் திறந்தாள். அவர் பிளாஸ்திரியைப் பார்த்தார். சிரிக்க வாயெடுத்தவர் ஏனோ சிரிக்கவில்லை.

"அன்னைக்கு அது சொன்னப்போ என் மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?"

"நான் எங்க பாத்தேன்? பேப்பர் படிச்சிட்டிருந்தேன்." இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். "பேப்பர இறக்கியிருக்கணும்ல?"

 அவரே குட்டியின் நகத்தை வெட்டிவிடப் போவதாகச் சொல்லிவிட்டு நகவெட்டியைத் தேடினார். அது அவளுடைய கைப்பையில் இருந்தது. மூன்று வாரமாக.

9.

வெள்ளிக்கிழமை. அறைக்குள் குட்டி. இந்தப் பக்கம் விளக்குக்கு நேரே கடிகாரக்கா. அவளுக்குப் பின்னால் இருட்டில் பேராசிரியரும் எலக்ட்ரீஷியனும்.

குட்டி லாரியைப் பார்த்தது. பாப்பாவைப் பார்த்தது. வாத்தைப் பார்த்தது. பிறகு கண்ணாடியைப் பார்த்தது. அம்மா இருந்தாள். குட்டி கையாட்டவில்லை, சிரிக்கவில்லை. மூன்றையும் அள்ளி எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது.

இப்போது தெரிவதெல்லாம் இரண்டு சின்னத் தோள்கள். அவை அசைகின்றன.

"எதை வெச்சு விளையாடுது?" என்று கிசுகிசுத்தார் பேராசிரியர்.

"தெரியல சார்."

"ஐம்பத்தொம்பதுல ஒண்ணுகூட முதுகக் காட்டலயே. படிவத்துல முதுகுக்குக் கட்டமே இல்ல."

"வாத்துல போட்டுக்கலாம் சார்" என்றான் எலக்ட்ரீஷியன்.

கடிகாரக்கா ஸ்டாப்வாட்ச்சை அழுத்தவே இல்லை. மூன்று வாரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற அந்தத் தலையை இப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். குட்டி ஏதோ பாடிக்கொண்டிருந்தது. தன் முகம் இல்லாத இடத்தில் தன் பிள்ளை இவ்வளவு பாடும் என்று அவளுக்குத் தெரியாது.

ஏழாவது நிமிடம் பாட்டு நின்றது. தோள்கள் நின்றன. குட்டி எதையோ கையில் பிடித்துக்கொண்டு திரும்பத் தொடங்கியது.

10.

இனி முடிவு. கைவசம் நான்கு இருக்கின்றன.

ஒன்று. கடிகாரக்கா விளக்கை அணைக்கிறாள். குட்டி திரும்பும்போது கண்ணாடியில் குட்டி மட்டும் தெரிகிறது. (அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று வாரமாக அம்மாவின் மனதைத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அம்மாவையே அணைத்துவிடுவதா?)

இரண்டு. படிவ அட்டையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். குட்டி திரும்பினால் அம்மாவின் கழுத்துக்கு மேலே கட்டங்கள். (இதற்கு அந்தக் கடைக்காரரே போதும்.)

மூன்று. ஃபியூஸ் போகிறது. (இது எலக்ட்ரீஷியன் கேட்டுக்கொண்ட முடிவு. கதையில் தனக்கு வேலை பத்தவில்லை என்கிறான்.)

நான்கு. அவள் ஸ்டாப்வாட்ச்சை வைத்துவிட்டு எழுந்து, தாழ்வாரம் வழியாக அந்த அறைக்குள் போய், தரையில் உட்கார்ந்து, நகவெட்டியை எடுக்கிறாள். "அன்னைக்கு ஆறாவது நகத்துல நீ ஒண்ணு சொன்ன. நான் பதில் சொல்லாம விட்டுட்டேன். இன்னொரு தடவ சொல்றியா?" குட்டி—

(எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். நாற்காலியிலிருந்து கதவுக்கு நாலு எட்டு. தாழ்வாரத்தில் பன்னிரண்டு எட்டு. அங்கே ஒரு தாழ்ப்பாள். குட்டி திரும்ப ஆவது ஒரே நொடி. எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவளுக்கு முன்னால் அவள் முகம் போய்ச் சேர்ந்துவிடும். நான்காவது முடிவுக்குப் போகிற வழி அந்த முகத்தின் வழியாகத்தான்.)

11.

அந்த முகத்தை எழுத எனக்கு வரவில்லை. 'அவள் புன்னகைத்தாள்' என்று எழுதிப் பார்த்தேன். பல் வைத்தியருக்காகக் காத்திருக்கிறவள் மாதிரியே இருந்தது. குட்டி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும். இந்த வேலைக்கு வார்த்தை ஆகாது. முகம் வேண்டும். என்னிடம் இருப்பது காகிதம். உங்களிடம்தான் முகம் இருக்கிறது.

அதனால் இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கொஞ்சம் ஆடும், பின்னங்கால் ஒன்றின் கீழ் படிவத்தை மடித்து வைத்திருக்கிறார்கள். நகவெட்டி பையில் இருக்கிறது. கதவு உங்களுக்கு வலது பக்கம். பாஸ் எதுவும் வேண்டாம், காவலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

விளக்கை மட்டும் அணைக்காதீர்கள். இதைப் படிக்க எப்படியும் ஏதோ ஒரு வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது உங்கள் முகத்தில்தான் விழுந்துகொண்டிருக்கிறது. முதல் பகுதியிலிருந்தே அப்படித்தான்.

குட்டியின் கையில் இருப்பது என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் முகத்தைத் தயார் செய்துகொள்வீர்கள்.

அதோ, திரும்பிவிட்டது. தலையைத் தூக்குகிறது. உங்களைத்தான் பார்க்கிறது.

உங்கள் இடது புருவம்